பென்சில் கோடு நின்ற இடம்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் மேலே ஏறும். வெள்ளைக்காரர் காலத்தில் ஜனவரி முதல் தேதி பொழுது விடிந்தால் நம்மவர்கள் பழத்தட்டும் மாலையுமாகத் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பார்களாம். அந்தச் சலாத்தை முதலில் தணிகை முருகனுக்குப் போடட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இல் தொடங்கிவைத்ததுதான் இந்த விழா. இங்கிலீஷ்காரன் வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட அதே இரவில், அதே படிகளில், ‘இந்த வருஷமாவது இங்கிலீஷ் சரளமா வந்துடணும் முருகா’ என்று வேண்டிக்கொண்டு ஏறியவர்கள் எங்கள் தெருவில் மட்டும் பத்துப் பேருக்குக் குறையாது. நானும் அந்த வரிசையில் இருந்தவன்தான். சூரனோடு சண்டை போட்ட கோபம் தணிய முருகன் வந்து உட்கார்ந்த தலம் என்பதால் பிழைத்தோம்.

எண்பதுகளில் வேண்டுதலோடு நிறுத்த மாட்டோம், புத்தகமும் வாங்குவோம். ராபிடெக்ஸ் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் கோர்ஸுக்குக் கபில்தேவ் விளம்பரத்தில் வந்தார். 1983-இல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையை வாங்கியவரே சிபாரிசு செய்யும்போது சந்தேகப்படுவது தேசத் துரோகம். அது அறுபது நாள் பாடம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு கடையில் ‘முப்பது நாட்களில்’ வரிசை இருந்தது: தமிழ் மூலம் இந்தி, தமிழ் மூலம் தெலுங்கு, மலையாளம், கன்னடம். கந்தர் சஷ்டி கவசத்துக்கும் பாம்புப் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் கிளிப் மாட்டித் தொங்கும்.

நூலகத்திலும் அப்படி ஒரு முப்பது நாள் இந்தி இருந்தது. அட்டை போய், பழுப்புத் தாள் ஒட்டி, முதுகில் எண் எழுதிய பிரதி. அதைப் பிரித்தாலே ஊரின் கல்வி வரலாறு தெரிந்துவிடும். முதல் பாடத்தில் பல கைகள் போட்ட கோடுகள்: நீல மை, சிவப்பு பால்பாயிண்ட், பென்சில். மூன்றாம் பாடத்தில் மை நின்றுவிடும். ஆறாம் பாடத்தில் பால்பாயிண்ட். ஏழாம் பாடத்தில், பாதி வாக்கியத்தில், பென்சிலும். எட்டிலிருந்து தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் மாதிரிக் கடிதங்கள். அதில் லீவு லெட்டர் பக்கத்தை மட்டும் யாரோ பிளேடால் நறுக்கென்று அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். அந்த ஒருவர் நிச்சயமாக இந்தியைப் பயன்படுத்தியிருக்கிறார்.

முப்பது நாள் கணக்கை யார் போட்டார்களோ. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தரத் தனிப் பள்ளி வைத்திருக்கிறது. அவர்கள் கணக்குப்படி, தாய்மொழி இங்கிலீஷாக உள்ள ஒருவருக்குத் தமிழோ தெலுங்கோ அலுவலுக்கு ஆகும் அளவு வர 44 வாரம், ஏறக்குறைய 1100 வகுப்பு மணி. சீனம், ஜப்பானியம், கொரியம் என்றால் இரட்டிப்பு: 88 வாரம், 2200 மணி. அதுவும் வாத்தியாரை எதிரில் வைத்துக்கொண்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு. தமிழன் தெலுங்கு கற்க அவ்வளவு தேவையில்லைதான். வாக்கியம் ஓடுகிற திசை ஒன்று, சொற்களில் பாதி பங்காளி. இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி வீதம் முப்பது நாள் என்றால் மொத்தம் பதினைந்து மணி. பதினைந்து மணிக்கு லீவு லெட்டர் வரும்.

இதைவிடக் குறுக்குவழி ஒன்று இந்த மலையிலேயே நடந்திருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். முத்துசுவாமி தீட்சிதர் இங்கே தியானத்தில் இருந்தபோது கிழவர் வடிவில் வந்த முருகன் வாயைத் திறக்கச் சொல்லிக் கல்கண்டு போட்டாராம். உடனே மாயாமாளவகௌளை ராகத்தில், சம்ஸ்கிருதத்தில், முதல் கிருதி பிறந்தது. தீட்சிதர் அதற்கு முன்பே காசியில் குருவிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டுவிட்டு வந்தவர் என்பதை மட்டும் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். கேட்கும் எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. கல்கண்டு வரும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கிலீஷ் வராவிட்டால் வீட்டில் எடுக்கிற பிரம்பு ராதாகிருஷ்ணன். 1888-இல் இந்த ஊரில் பிறந்தவர், 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். ‘அவரு எந்த முப்பது நாள் புக் படிச்சாரு?’ என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான், பதில் சொன்னால் அடி விழும்.

அயல்மொழி என்று நான் உண்மையிலேயே மல்லுக்கு நின்றது சீனத்தோடு. அதற்குக் காரணம் சிற்றலை வானொலி. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அதற்கு நேயர் மன்றங்கள் உண்டு. கடிதம் போட்டால் பெய்ஜிங் முத்திரையோடு உறை வரும், தபால்காரர் இரண்டு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். தமிழ் நேயர்களுக்கு அதில் சீன மொழிப் பாடமும் நடத்தினார்கள். சீனத்தில் ஒரே அசையை நீட்டாக, ஏற்றி, வளைத்து, இறக்கி என்று நாலு விதமாகச் சொன்னால் நாலு வேறு சொல். சிற்றலையிலோ குரல் தானாகவே ஏறும், இறங்கும், வளையும், அரை நிமிஷம் காணாமலும் போகும். நான் பயின்றது சீனமா, அயனமண்டலத்தின் மனநிலையா என்று இன்றுவரை நிச்சயமில்லை. ஆனால் ஒலிபரப்பிய பெண்கள் சீனர்கள். பெய்ஜிங்கில் வகுப்பில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் தமிழ் படித்து, தமிழ்ப் பெயரும் வைத்துக்கொண்டு, வல்லினம் பிசகாமல் செய்தி வாசித்தார்கள். பெரியப்பா அதைக் கேட்டுவிட்டுச் சொல்வார்: “இந்தம்மா பேசற தமிழ்ல நம்ம மார்க்கெட்ல ஒரு கிலோ தக்காளி வாங்க முடியாதுடா.” ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, “நீ பேசற சீனத்துல அவங்க ஊர்ல தண்ணிகூட வாங்க முடியாது.”

சொல் மறந்துபோகிறதே என்பதுதான் தனியாகப் படிக்கிற எல்லோருக்கும் தலைவலி. நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் சொல்லெழுதி, தீப்பெட்டிகளில் போட்டு வைத்தேன். தெரிந்த சொல் அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியாதது முதல் பெட்டிக்குத் திரும்பும். ஏதோ சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமை வேறு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று 1885-இலேயே புத்தகம் போட்டுவிட்டார். மறக்கப் போகிற சமயத்தில் ஒருதரம் எடுத்துப் பார், அடுத்த தடவை இடைவெளியைக் கூட்டு, இதுதான் சூத்திரம். 2006-இல் வந்த அன்கி என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. என் தீப்பெட்டிகளில் ‘நிகழும் மங்களகரமான’ என்று ஒரு பக்கமும் சீன எண்கள் மறு பக்கமுமாக இருந்த கூடுதல் அழகு அதில் கிடையாது.

இப்போது பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. மொழி போனுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுப் பையனின் போனில் ஒரு பச்சை ஆந்தை. டுயோலிங்கோ என்று பெயர். 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், குவாத்தமாலாக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. ஒரு நாள் தவறினாலும் ஆந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பையன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு படி ஏறும்போதுகூட, வரிசை நின்ற இடத்தில் ஸ்பானிஷ் பாடம் முடித்தான். விடாமல் ஒரு வருஷத்துக்கு மேல் சங்கிலி அறுபடவில்லை. “ஸ்பானிஷ்ல ஏதாவது பேசு தம்பி” என்றேன். “பேசறது வேற மாமா, இது ஸ்ட்ரீக்” என்றான். எங்கள் காலத்தில் ஏழாம் பாடத்தில் வெளிப்படையாகத் தோற்றோம். இவனுக்குத் தோற்க ஆந்தை அனுமதி கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் கொரியத் தொடர் பார்த்துக் கொரியம் பழகுகிறாள். இது நான் கிண்டல் செய்ய விரும்பாத விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998-இல் கார் வெளியே விட்டதிலிருந்து கொரியம் நம் பக்கத்துக்கு அந்நியம் இல்லை. செஜோங் மன்னர் 1446-இல் அறிவித்த எழுத்து. இன்று அடிப்படை எழுத்து 24தான், ஒரு சனி ஞாயிறில் வந்துவிடும். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெரியவர்களுக்கு மரியாதை விகுதி என்று வாக்கியமும் நம் வழியில் போகும். அங்கேயும் அப்பா அப்பாதான் என்று மெய்சிலிர்க்கும் வீடியோக்கள் மட்டும் எனக்கு ஆகாது. அவளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. முதலில் திரையின் அடியில் வசன எழுத்து ஓடவிட்டுப் பார்க்கிறாள், அப்புறம் அதே காட்சியை அந்த எழுத்து இல்லாமல் பார்க்கிறாள், மூன்றாவது தடவை நடிகையோடு சேர்ந்து தானும் அழுகிறாள். சத்தமாக, கொரியத்தில். தெருவே பயந்தது.

அக்கா மகள் நர்சிங் முடித்தவள். ஜெர்மனிக்குப் போக வேண்டும். அங்கே நர்ஸாகப் பதிவு பெற, பொதுவாக பி2 அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். நுங்கம்பாக்கத்து கோதே நிறுவனத்தில் பரீட்சை, மற்றபடி வீட்டில்தான் படிப்பு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னம்மா செய்யறே என்றேன்.

“வார்டு ரவுண்ட்ஸ் போறேன் மாமா.”

“இலக்கணம் படிச்சியா? அங்க மேசைக்குக்கூட ஆண்பால் பெண்பால் இருக்காமே.”

“இருக்குது மாமா, அது கூடவே வரும். முதல்ல எங்க வலிக்குது, எப்ப சாப்பிட்டீங்க, மூச்சை இழுங்க, இதெல்லாம் தூக்கத்துலயும் வரணும். நான் பேசப்போறதைத்தானே நான் முதல்ல படிக்கணும்?”

தொட்டி பதில் சொல்லாததால் நோயாளி வசனத்தையும் அவளே முனகலோடு சொன்னாள். பேசியதை போனில் பதிவு செய்து தோழிக்கு அனுப்பினாள்; அவள் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருத்தித் திருப்பி அனுப்பினாள்.

இத்தனை அமளியிலும் தெலுங்கை இந்த ஊரில் யாரும் கற்க வேண்டிய மொழி என்று கணக்கில் சேர்த்ததில்லை. அப்பா வீடு மாறாமலே மாநிலம் மாறியவர். அதே திண்ணையில் உட்கார்ந்தபடி 1953-இல் ஆந்திராவுக்குப் போனார், ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் எல்லாம் ஆனபின் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் எழுதிய நிலப்பத்திரம் ஒன்று டிரங்குப் பெட்டியில் தெலுங்கில் கிடக்கிறது. மகன் போன் கேமராவை அதன்மேல் காட்டினான். ஊர்க் கணக்கரான கரணத்தின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு போன் என்னவோ கவிதை சொன்னது. அதில் கிணறு மட்டும் புரிந்தது. வீட்டில் அத்தனை பேரும் தெலுங்கு பேசுவோம், ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

பேச எப்படி வந்தது என்று கேட்டால் மலையடிவாரப் பூக்காரம்மாவைத்தான் காட்டுவேன். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர், நெல்லூர்ப் பக்கமிருந்து ஜனம் வந்து குவியும். “ரா அக்கா, பூலு தீஸ்கோ” என்று ஆரம்பிப்பார். அவருடைய பாடத்திட்டம் எண்களில் தொடங்கும். விலை சொல்லவும் சில்லறை கொடுக்கவும் தெரிந்த பிறகுதான் மற்றது. அடுத்து உறவுமுறை, அடுத்து பேரம். இறந்தகாலம் அவருக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் நேற்றுப் பூவை யாரும் கேட்பதில்லை. தப்பாகச் சொன்னால் வாங்க வந்த பெண்கள் சிரிப்பார்கள், சிரித்தவர்கள் ஒரு முழம் கூடுதலாக வாங்குவார்கள். உலகத்தில் எந்தச் செயலி இப்படித் தவறுக்குச் சன்மானம் தருகிறது?

அவருக்கு அடுத்த இடத்தை இப்போது பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் பரோட்டா போடும் பீகார் பையனுக்குக் கொடுப்பேன். வந்த புதிதில் தலையாட்டல் மட்டும். ஒரு வருஷம் ஆவதற்குள் எங்களிடம் தமிழ், திருப்பதி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களிடம் தெலுங்கு, முதலாளியிடம் இரண்டும் கலந்த இன்னொன்று. அவனிடம் புத்தகம் கிடையாது, ஆந்தை கிடையாது. பசியோடு வந்து நிற்கிறவர்கள்தான் வாத்தியார்கள். அவர்கள் நாலாம் தடவை பொறுமையாகச் சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் அவனே ஒரு நாள், “சார், பஸ் போர்டு படிக்கணும், எழுத்து சொல்லிக் குடுங்க” என்றான். தினமும் காலையில் கூட்டம் சேருமுன் கல் பக்கத்தில் நின்று அ, ஆ நடக்கிறது. மாவு தூவிய மேடையில் விரலால் எழுதிப் பார்க்கிறான். ழகரம் எழுதி அதன்மேலேயே பரோட்டா வீசுகிறான். எனக்கும் ஓர் ஆசை. தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் பரீட்சைகளில் மத்யமா வரை தேறிய சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. காந்தி 1918-இல் தொடங்கிய சபை, வீணாகப் போகலாமா? மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் வைக்கிறோம் என்பதை இந்தியிலேயே விளக்கிவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். எழுவாய் வந்தது, செயப்படுபொருள் வந்தது, பால் எது என்று யோசிக்க நின்றேன்.

பையன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தான். பிறகு சொன்னான்:

“சார், தமிழ்லயே சொல்லுங்க. கல்லு காயுது.”