மூன்றாவது மிதி

எங்கள் வீட்டு அம்பாசடருக்கு, உத்தர்பாரா ஆலையில் 2014-இலேயே உற்பத்தி நின்றுபோன செய்தி இன்னும் தெரியாது. சொன்னால் மனமுடைந்து நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று பயம். நிற்பதில் அதற்குப் பேரார்வம், பிரேக் பெடலை மிதிக்கும் நேரம் தவிர.

முதல் மிதி விண்ணப்பம். இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவதற்குத்தான் பின்சக்கரத்தில் கோப்பு நகரும்.

மெக்கானிக் பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்ற உட்கார்ந்தார். பழைய டிரம்மின் விளிம்பு வரப்பு கட்டியிருக்கும், ஷூ அதில் மாட்டும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினால்தான் வெளியே வரும். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் முதலில் வந்தது சுத்தியல்தான்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே பார்த்தால், வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து, லைனிங் பிரேக் ஆயிலில் ஊறியிருந்தது, சாம்பாரில் ஊறிய வடை மாதிரி. உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஆகாதா என்று கேட்டேன்.

"குடிச்ச ஆயிலைச் சூடானதும் கக்கும் சார். ரெண்டு பக்கமும் ஷூ மாத்தணும்."

"கசிவு இந்தப் பக்கம்தானே? இதை மட்டும் மாத்துங்களேன்."

"செருப்பு அறுந்தா ஒத்தச் செருப்பா வாங்குவீங்க?"

மாற்றினோம். பிரேக் லைனில் ஏர் எடுப்பதற்காக என் மைத்துனர் பெடலை மிதித்து மிதித்து, முழங்காலுக்குத் தைலம் வாங்கிய செலவு தனி.

இப்போது வண்டி ஒரே மிதியில் நிற்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்தான் இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.