பம்புப் பண்டிதர்

கண்டியில் ஒரு பழைய கார் ஏற்றத்தில் திணறி நின்றால், பொனட்டைத் திறக்குமுன்பே ஒருவர் வந்துவிடுவார். கையில் ஸ்பானர் இருக்காது. சாரத்தை மடித்துக் கட்டியபடி எஞ்சினை ஒருதரம் எட்டிப் பார்த்து, "தம்பி, பம்பு போச்சு" என்பார். அவர் மெக்கானிக் அல்லர். ஓய்வுபெற்ற எழுதுவினைஞராகவோ கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். நோய் எதுவானாலும் அவரிடம் மருந்து ஒன்றுதான். இந்தப் பம்புப் பண்டிதரை வாய்ச்சவடால்காரர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவரை வளர்த்துவிட்டது ஊரின் மேடும் நாட்டின் சட்டமும்.

மகாவலியோரச் சமதரையில் சோர்ந்த பம்பும் நல்லபிள்ளையாக நடிக்கும். 1820களில் கப்டன் டோசன் வெட்டிய கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் சாயம் வெளுக்கும்: அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜெக்டர்கள் கூடுதல் பெட்ரோல் கேட்கும், வரத்து போதாவிட்டால் அழுத்தம் விழும், கார் இருமும். அதுவரை பண்டிதர் சொல்வது சரி. ஆனால் ஏற்றம் குறை இருப்பதைத்தான் சொல்லும், இருக்கும் இடத்தைச் சொல்லாது. அடைத்த பில்டர், கருகிய சொக்கெட்டால் 12 வோல்ட்டுக்குப் பதில் 9 மட்டும் வந்துசேரும் வயர், மூடாமல் பெட்ரோலைத் தாங்கிக்கே திருப்பி அனுப்பும் ரெகுலேட்டர் எல்லாம் ஒரே குரலில்தான் இருமும். இனி சட்டம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பென்சன் வாங்கவேண்டிய கொரொல்லா 110உம் சன்னி எஃப்பி 15உம் வேலைக்குப் போய்க்கொண்டேயிருந்தன. பண்டிதருக்கு நோயாளிப் பஞ்சமே இல்லை.

"அவர் சொன்னபடி மாற்றினோம், கார் பறந்ததே!" என்று சாட்சி சொல்பவர்கள் உண்டு. பொய்யில்லை. ஆனால் பம்பை மாற்றும்போது என்ன நடக்கிறது? பின் ஆசனத்தைத் தூக்கி, தாங்கியைத் திறந்து, அடியிலுள்ள வலையையும் புதிதாகப் போட்டு, துருப்பிடித்த சொக்கெட்டைச் சுரண்டி இறுக்கிப் பூட்டுகிறார்கள். மூன்றில் எது குணப்படுத்தியது? பேர் மட்டும் பம்புக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இங்கே காக்கைக்குப் பில்லும் கட்டுகிறோம்.

பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்க்க நேரமேது என்பார்கள். பத்து நிமிடம் போதும். ரெகுலேட்டரின் வெக்கூம் குழாயைக் கழற்றினால் கொரொல்லா 110இல் முள் 40 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறவேண்டும். அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயபிரம் கிழிந்துவிட்டது, கேஜே வேண்டாம். (சிகரெட்டோடு நிற்கும் பார்வையாளரை முதலில் அப்புறப்படுத்துங்கள், அது பண்டிதராகவும் இருக்கலாம்.) நின்ற இடத்தில் 40 காட்டும் பம்பு ஏற்றத்தில் தளராதா என்று பண்டிதர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கும் வழியுண்டு: நீளக் குழாயோடு கேஜை வெளியே கண்ணாடியில் ஒட்டி, ஹந்தானை ஏறிப் பார்ப்பது. முள் சரிந்தால் வரத்து குறைகிறது, பில்டரிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். உச்சிவரை 40ஐ விட்டு அசையாவிட்டால், பின்னாலிருந்து ஒரு குரல் நிச்சயம் வரும்: "தம்பி, இது பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் போல. கேஜ் போச்சு."