திரைக்குப் பின்னிருந்து அருளும் பெருந்தகைகள்

மகாகனம் பொருந்திய மதிப்பாய்வாளப் பெருமக்களே! ஆய்விதழின் ஆசிரியர் உங்களில் இருவரையோ மூவரையோ தேர்ந்து கட்டுரையை அனுப்பிவைக்கிறார். நீங்கள் யார் என்பதை மட்டும் எழுதியவருக்குச் சொல்வதில்லை. எங்கள் திருமலையில் எத்தனை நெரிசலானாலும் ஏழுமலையானைக் கணப்பொழுதாவது கண்டுவிடலாம். உங்கள் திருமுகம் ஒருவருக்கும் கிட்டாது. தெய்வத்துக்கும் வாய்க்காத அடக்கம்!

உங்கள் பேரருளை உலகறியச் செய்ததும் இந்த மலையடிவாரம்தான். திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை சுமார் 70 கட்டுரைகளை 25 பன்னாட்டு இதழ்களில் அரங்கேற்றினார். திருட்டும் புனைவுமான அவற்றுக்கு ஆசி வழங்கியவர்கள் தாங்கள். பிறர் எழுதி அச்சான கட்டுரையொன்று, குரோமியம் இருந்த இடத்தில் ஆர்செனிக் என்று மாற்றப்பட்டு உங்கள் சந்நிதிக்கு வந்தது. தனிமம் மாறினால் வேதிவினையும் மாறுமே என்ற அற்பச் சந்தேகம் உங்கள் ஞானத்தைத் தீண்டவில்லை. அந்த வளாகத்திலேயே இல்லாத கருவிகள் தந்த அளவுகளையும் உவந்து ஏற்றீர்கள். இல்லாத கருவி பழுதாவதுண்டா? அதன் அளவைவிடத் துல்லியமானது எது? மூலத் தரவைக் காட்டு என்று கேட்டு ஒரு கனவானை நோகடிக்காத உங்கள் பண்பாடே பண்பாடு.

அந்தக் கூர்மதியை முழுவீச்சில் தரிசிக்க வேண்டுமானால், சித்தூர்ப் பக்கத்துக் கிணறு கிணறாக நீர் மொண்டு, இரவல் கருவியில் அளந்து எழுதும் ஆராய்ச்சி மாணவியைக் கேட்கவேண்டும். ஆறேழு மாத மோனத்துக்குப் பின், ஆங்கில நடை போதாது என்று இரண்டு வரி திருவாய் மலர்ந்தருள்கிறீர்கள். தம் கட்டுரைகள் நான்கையும் மேற்கோள் காட்டச் சொல்கிறார் இரண்டாம் மதிப்பாய்வாளர். பெயரை மறைத்துக்கொண்டே புகழை வளர்க்கும் அந்த வித்தைக்கு ஈடேது! இத்தனைக்கும் சல்லிக்காசு கூலி வாங்குவதில்லை. உங்கள் இலவச உழைப்பை எங்கள் நூலகங்களுக்கே பெருவிலைக்கு விற்கும் பதிப்பகத்தாரை வாழவைக்கும் வள்ளன்மையைக் கண்டால் பாரியும் தேரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போவான்.

2008 தொடக்கத்தில், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் படிக்கும் கெட்ட பழக்கமுள்ள சிலரால் விஷயம் சந்திக்கு வந்தது. சில கட்டுரைகளை இதழ்கள் விலக்கிக்கொண்டன. பேராசிரியருக்கு ஆய்வு வழிகாட்டும் உரிமையையும் நிர்வாகப் பதவிகளையும் பல்கலைக்கழகம் மறுத்தது. அந்தக் கட்டுரைகளைத் தேர்ச்சியென்று ஒப்பிய உங்கள் கீர்த்தியில் ஒரு கீறலும் இல்லை.

சித்தூர்ப் பெண்ணின் திருத்திய கட்டுரை உங்களிடம்தான் இருக்கிறது. உதவித்தொகை முடியப்போகிறது என்று தவிக்கிறாள், பாவம், விவரம் போதாத பெண். தாங்கள் நிதானமாகவே பார்த்தருள வேண்டும்.