கச்சேரிக்குப் போகும் வழியில்

நண்பர்களோடு காரில் ராக் கச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் பாட்டுக் கேட்கத்தான் போகிறார்கள் என்பது வீட்டில் சொல்லும் காரணம். உண்மையான நிகழ்ச்சி நடப்பது காருக்குள். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் விழாவை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் வுட்ஸ்டாக், மேடை இருந்ததோ அந்த ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால், பெத்தேலில் ஒரு பால்பண்ணை நிலத்தில். மைல் கணக்கில் கார்கள் நின்றுபோக, பலர் வண்டியைச் சாலையோரம் போட்டுவிட்டு நடந்தார்கள். கலைஞர்களும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டதால், வந்து சேர்ந்திருந்த ரிச்சி ஹேவன்ஸை முதலில் மேடையேற்றினார்கள். அடுத்த ஆள் வரும்வரை பாவம், மனிதரை இறங்க விடவில்லை. வேலி போட்டு முடியாததால் டிக்கெட் வாங்கியவரும் வாங்காதவரும் சரிசமம். முன்கூட்டியே 18 டாலர் கொடுத்த யோக்கியர்களை வரலாறு கண்டுகொள்ளவில்லை.

இசைமீது ஆசையில்லாமலா நான்கு லட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் கிடந்தார்கள் என்று கேட்கலாம். ஆசை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிதாரை எடுத்த திங்கட்கிழமை காலையில், கூட்டத்தின் பெரும்பகுதி கிளம்பிப் போயிருந்தது. பலருக்கு வேலை இருந்திருக்கும். அப்படியானால் ஹெண்ட்ரிக்ஸைவிட மேலாளர் பெரியவர் என்றாகிறது. விழாவின் பெயரிலேயே புகழ்பெற்ற பாட்டை எழுதிய ஜோனி மிட்செல் அங்கே போகவே இல்லை, டிவியில்தான் பார்த்தார். அந்தப் பாட்டிலும் முதலில் வருவது மேடையல்ல, சாலையில் நடந்துபோகும் ஒருவன்.