ஒரு சதவீதத்தின் மகிமை

விண்டோஸ் லேப்டாப்பில் பவர் மோடு மூன்று வரும்: பேட்டரி மிச்சம், சமநிலை, முழு வேகம். நம்மவர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு முழு வேகத்தில் வைத்துவிட்டு, எக்செல்லில் பால் கணக்கு போடுவார்கள். விசிறி சட்னி அரைக்கிற மிக்ஸி மாதிரி இரையும். "ஐ7 சார், அப்படித்தான் சத்தம் வரும்" என்று பெருமை வேறு.

இன்னொரு ரகம் சூடு தாங்காதவர். செட்டிங்ஸின் அடியாழத்துக்குப் போய், பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதம் ஆக்கிவிடுவார். ஒன்றுதானே குறைந்தது? அங்கேதான் வேடிக்கை. பல இன்டெல் லேப்டாப்களில் அந்த ஒன்றைக் கழித்ததுமே டர்போ பூஸ்ட் அடியோடு அணைந்துவிடும். ஐ7-8550யு என்றால் 4 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும் சிப், 1.8-ஐத் தாண்டாது. பாதிக்கு மேல் போயாச்சு. திரையில் மட்டும் 99. இப்படிக் கணக்கு காட்ட நம் ஆடிட்டர்களுக்கே வராது.

லினக்ஸ்காரர்களுக்குத் தனிச் சோதனை. இன்டெல்லின் பி-ஸ்டேட் டிரைவரில் 'பவர்சேவ்' என்பது வேலை வந்தால் வேகத்தை ஏற்றும், சமர்த்து. பழைய ஏசிபிஐ டிரைவரில் அதே பவர்சேவ், அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். இது தெரியாமல் அந்த டிரைவர்காரரும் இந்த டிரைவர்காரரும் விடிய விடிய சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் சரி.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் பேட்டரி நிற்கவில்லை என்று புலம்புகிறவரின் திரையை எட்டிப் பாருங்கள். வெளிச்சம் முழுசாக எரியும்.