மானிய நாயனார்

நாயன்மார் அறுபத்து மூவர் என்று படித்தவர்கள் திருவண்ணாமலைக்கு வந்து மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். அறுபத்து நான்காமவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். பெரிய கோயில் பிராகாரத்தில் அவருக்கு இன்னும் சிலை வைக்கவில்லை. அதற்கென்று ஒரு படிவம் இருந்திருந்தால் இந்நேரம் மூன்று பிரதிகளில் போட்டிருப்பார்.

அவருக்கு நாங்கள் இட்ட திருநாமம் மானிய நாயனார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆதார் அட்டையில் அது முன்னால் இனிஷியலோடும், பான் அட்டையில் அப்பா பெயரை முழுசாக விழுங்கியும் இருப்பதால், எது சரி என்று மானிய விண்ணப்பப் போர்ட்டல் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த ஜாதி மனிதர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அடையாளம் சுலபம். பர்ஸில் பணம் இருக்க வேண்டிய இடத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கும். சட்டைப் பையில் நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு பேனா. "சில ஆபீஸ்ல கறுப்புல போட்டா ஜெராக்ஸ்னு திருப்பிடுவாங்க, சில ஆபீஸ்ல நீலத்துல போட்டா ஸ்கேன்ல விழலன்னு திருப்பிடுவாங்க" என்பார், அனுபவஸ்தர் குரலில். கையில் மஞ்சப்பை. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது 2021 டிசம்பரில். இவர் அதற்கு முன்பிருந்தே தூக்குகிறார். பைக்குள் டிபிஆர் என்கிற திட்ட அறிக்கை, ஸ்பைரல் பைண்டிங்கில், முன்னும் பின்னும் பளபளக்கும் பிளாஸ்டிக் அட்டையோடு. சான்றிதழ்கள் அனைத்தும் லேமினேஷன். பிளாஸ்டிக்கை ஒழிக்கக் கிளம்பியவரின் பையில் அரைக் கிலோ பிளாஸ்டிக் இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "மழையில நனைஞ்சா யார் சார் ஜவாப்தாரி?" என்றார்.

பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தப் பக்தி பிடித்தது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில். லட்சக்கணக்கான கால்கள் நடந்து முடித்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. விடிவதற்குள் தண்ணீர் பாட்டில்களையெல்லாம் பொறுக்கியாகிவிட்டது. சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் ஷாம்பு சாஷேயும் மட்டும் அப்படியே கிடந்தன. சாக்குப் பையோடு போன ஓர் அம்மாளிடம் கேட்டிருக்கிறார்: "இத ஏம்மா உட்டுட்ட?"

"எத்தினி எடுத்தாலும் கடையில வாங்க மாட்டான் சார். பாட்டிலு காசு. இது வெறும் சோக்கு."

சொன்னதோடு நில்லாமல் அந்த அம்மாள் ஒரு பாக்கெட்டைக் கிழித்து உள்பக்கத்தைக் காட்டினாராம். வெள்ளி மாதிரி மின்னியது. அதுதான் வினை. வெளியே அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக், உள்ளே இன்னொரு பிளாஸ்டிக், நடுவில் அலுமினியப் பூச்சு. பூச்சின் கனம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. மொறுமொறுப்பைக் காப்பது அதுதான். பாக்கெட்டை எந்தக் காயலான் கடையிலும் ஏற விடாமல் செய்வதும் அதுதான். ஒன்றை உருக்கினால் மற்றது கெடும். பிரிக்கலாம் என்றால் பிரிக்கிற கூலிக்குப் புது பாக்கெட்டே வாங்கிவிடலாம்.

சட்டமும் இதனிடம் தோற்றுத்தான் நிற்கிறது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். சரியாக இரண்டு வருஷம் கழித்து ஒரு திருத்தம் வந்தது. 'எரித்துச் சக்தி எடுக்க முடியாதது', 'வேறு உபயோகம் இல்லாதது' என்று இரண்டு 'அல்லது' சேர்ந்தன. அந்த 'அல்லது'களின் சந்தில் பாக்கெட் தப்பித்துக் கிரிவலப் பாதைக்கு வந்துவிட்டது.

நாயனார் இதைப் பிராந்திய கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோன முன்னோடி என்று சொல்லப்படுபவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவோடு தனியே கிளம்பியதும் அதே கடலூரில். இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். "அடைக்கிற வழிய கடலூர்க்காரன் கண்டுபிடிச்சான். பிரிக்கிற வழிய திருவண்ணாமலைக்காரன் கண்டுபிடிக்க வேணாமா?" என்பார். வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

மொட்டை மாடியில் ஆராய்ச்சி தொடங்கியது. லேத் பட்டறையில் வெல்டிங் வைத்த ஓர் இரும்புக் குடுவை, அதிலிருந்து கிளம்பும் செப்புக் குழாய், குழாயைக் குளிர வைக்க வீட்டம்மா துணி ஊற வைக்கும் வாளி. காற்றுப் படாமல் சூடாக்கினால் பிளாஸ்டிக் எரியாது, ஆவியாகி எண்ணெயாக இறங்கும். இதற்குப் பைராலிசிஸ் என்று பெயர். "இது அக்னித் தலம் சார். இங்க நெருப்பே படாம உருக்கறோம் பாருங்க, அதான் அருள்" என்று கைகூப்பினார். அருள் அரை டம்ளர் வந்தது, பழுப்பு நிறத்தில். வாடை மட்டும் தெருவுக்கு மூன்று நாள் வந்தது.

அரை டம்ளரை அண்டாவாக்கப் பணம் வேண்டும். பணத்துக்கா பஞ்சம்? நாயனார் வாயைத் திறந்தால் திட்டங்கள் தேவாரம் மாதிரி கொட்டும். தமிழக அரசின் டான்சீட், 10 லட்சம். மத்திய அரசின் நிதி பிரயாஸ், அதுவும் 10 லட்சம் வரை. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, கருத்து நிரூபணத்துக்கு 20 லட்சம் வரை. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர், 2 லட்சம் ஒன்று, 5 லட்சம் ஒன்று. கூட்டினால் அரைக் கோடியை நெருங்கும். வாயால் கூட்டுவதில் அவருக்கு நிகர் யாருமில்லை.

விண்ணப்பத்தைத் திறந்தால்தான் தத்துவம் புரிய ஆரம்பிக்கும். நான்காம் கட்டம்: 'இத்தொழில்நுட்பம் உலகில் வேறு எங்கும் இல்லாத புதுமை என்பதை விளக்குக.' ஒன்பதாம் கட்டம்: 'இது வெற்றிகரமாக இயங்கிவரும் இடங்களைக் குறிப்பிடுக.' அதைத் தாண்டினால் தொழில்நுட்பத் தயார்நிலை. நாசா விண்கலங்களுக்கென்று வகுத்த ஒன்பது படி ஏணி அது. நம்மவர் ஐந்து வருஷமாக மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார், தில்லை நடராஜர் மாதிரி.

ஏணியை விட்டாலும் வட்டம் விடாது. மானியம் வேண்டுமென்றால் மாதிரி இயந்திரம் ஓட வேண்டும். இயந்திரம் ஓட அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஷெட் வேண்டும். ஷெட்டுக்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கியில் "மானியம் சாங்ஷன் ஆனதும் வாங்க" என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பெரியவர்கள் சொன்னது எந்த டிபிஆரைப் படித்துவிட்டோ தெரியவில்லை. நாயனார் அசரவில்லை. "கிரிவலமும் அப்டித்தானே சார், சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலதான நிக்கறோம்? அதுக்குன்னு யாராவது போகாம இருக்கானா?" அஷ்டலிங்கக் கணக்கும் வைத்திருந்தார். ஏழாவது குபேர லிங்கம், அதுதான் சாங்ஷன் ஆர்டர். அதோடு முடியவில்லையே என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. எட்டாவது ஈசான்ய லிங்கம், பக்கத்திலேயே மயானம். வாங்கிய பணத்துக்கு யுடிலைசேஷன் சர்டிபிகேட் கொடுக்கும் கட்டம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் ஒரே ஒரு முறை கலங்கிப் பார்த்தேன். அது கொட்டேஷன் விஷயத்தில். இயந்திரத்துக்கு மூன்று தயாரிப்பாளர்களிடமிருந்து விலைப்புள்ளி இணைக்க வேண்டும். உலகத்திலேயே இல்லாத இயந்திரம். வரைபடம் அவர் மனைவியின் மளிகைக் கணக்கு நோட்டில் மட்டும் இருக்கிறது. மூன்று பேர் எங்கிருந்து விலை சொல்வார்கள்? லேத் பட்டறைக்காரர்தான் கைகொடுத்தார். தன் லெட்டர்ஹெட்டில் ஒரு விலை, மச்சான் லெட்டர்ஹெட்டில் கொஞ்சம் கூட, சகலை லெட்டர்ஹெட்டில் இன்னும் கொஞ்சம் கூட. சகலைக்குத் தொழில் பந்தல் போடுவது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அடிமுடி தேடிய கதை நடந்த ஊர் இது. முடியைக் கண்டதாகப் பிரம்மாவுக்குப் பொய் சாட்சி சொன்ன தாழம்பூ பூஜைக்கே ஆகாமல் போனதும் இங்கேதான். இவ்வளவும் தெரிந்தும் போட்டேன். பக்கத்து வீடாயிற்றே.

நேர்காணல் வரைக்கும் ஒரு தடவை போனார். பத்து நிமிஷம். குழுவில் ஒருவர், "மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் மாதிரி ரோட்டுலயே போட்டுடலாமே?" என்றாராம். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசிச் சாலை போட்டுக் காட்டி, 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். நாயனார் எழுந்து நின்று, "அவரு எங்க குருநாதர் மாதிரி. ஆனா கிரிவலப் பாதைய எத்தினி தடவ சார் தோண்டிப் போடறது?" என்றார். இன்னொருவர், வயது இருபத்தைந்து இருக்கும், "உங்க எக்சிட் பிளான் என்ன?" என்று கேட்டிருக்கிறார். நாயனார் பவ்யமாகக் கதவைக் காட்டியிருக்கிறார். அந்த வழியாகவே அனுப்பிவைத்தார்கள். காரணம் ஒரு வரியில் மின்னஞ்சலில் வந்தது: கடந்த ஆண்டு விற்றுமுதல் இல்லை.

போன வாரம் அவர் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். ஐந்து வருஷத்து டிபிஆர்கள் திண்ணையில் மலையாகக் கிடந்தன. பழைய பேப்பர் கடை அம்மாள் தராசோடு வந்து உட்கார்ந்தார். ஸ்பைரலை உருவி ஒருபக்கம் போட்டார். பிளாஸ்டிக் அட்டையைக் கிழித்து ஒருபக்கம். லேமினேஷன் சான்றிதழ்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். "இது வேணா சார். பேப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. ஒட்டிக்கினுகீது, பிரிக்க வராது."

நாயனார் சிலையாக நின்றார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, முகம் மலர்ந்தது. மிச்சத்தை நிறுத்தால் 6 கிலோ, கிலோ 14 ரூபாய், ஆக 84 ரூபாய். பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா, ஒரு பில்லு குடு" என்றார். "பில்லா? இன்னா சார், பழைய பேப்பருக்குப் பில்லா?" அவரே ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை புது விண்ணப்பத்தோடு என் வாசலில் நின்றார். கடந்த ஆண்டு விற்றுமுதல்: ரூ. 84. வருமான வகை: மறுசுழற்சி. பில் நகல் இணைப்பு.

"நேர்ல பாத்தவரு நீங்கதான் சார். ஒரு சாட்சிக் கையெழுத்து."

இந்தத் தடவை தாழம்பூவை நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. நீலமா, கறுப்பா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.