மூச்சு வாங்கும் வெள்ளிமலை

ஐசுவரியத்துக்குப் பேர்போன ஊர்களில் பிரவேசிக்க மடியில் பணம் வேண்டும் என்பார்கள். பொலிவியா தேசத்துப் பொட்டோசி நகரத்திலோ, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மார்பில் சுவாசம் தாராளமாக இருந்தாக வேண்டும். சமுத்திர மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டரைத் தாண்டிய அந்த உயரத்தில், விடுதியின் மாடிப்படிகளை ஏறி முடிப்பதற்குள் நான் என் பூர்வ ஜன்ம பாவங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். விடுதிக்கார அம்மாள் இதெல்லாம் தினசரி வேடிக்கைதான் என்ற முகத்தோடு கோக்கா இலைத் தேநீரை நீட்டினாள்.

இத்தகைய இடத்தில் ஸ்பானியர் நகரம் சமைத்ததற்குக் காரணம், ஊரின் தலைமாட்டில் செக்கச்செவேலென்று கூம்பி நிற்கும் செரோ ரீகோ மலை. 1545-இல் அதன் வயிற்றில் வெள்ளி இருப்பது தெரிந்த பிறகு எவரும் மூச்சு முட்டுவதைப் பொருட்படுத்தவில்லை. முட்டுவது பிறருடைய மூச்சாக இருக்கையில் கேட்கவே வேண்டாம். வைஸ்ராய் டொலேடோ என்பவர், கிராமத்து ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை முறைவைத்துச் சுரங்கத்துக்கு அனுப்பும் 'மீத்தா' என்ற ஏற்பாட்டை 1570-களில் நிலைநாட்டினார். இதில் ஹாஸ்யத்துக்கு இடமில்லையாதலால் மேலே செல்கிறேன்.

சுரங்கம் பார்க்கப் போகிறவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளிகளிடம் வெறுங்கையோடு போகலாகாது என்பது அவ்வூர்ச் சம்பிரதாயம். அதற்கென்றே உள்ள கடைவீதியில் கோக்கா இலை, சிகரெட், தொண்டையை எரிக்கும் சாராயம் இவற்றோடு டைனமைட்டும் பகிரங்கமாக விற்கிறார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கும் சாவதானத்துடன் கடைக்காரி அதைத் திரியோடு என் கையில் வைத்தபோது, உபசாரத்துக்கு நன்றி சொல்வதா, ஓட்டம் பிடிப்பதா என்று தோன்றாமல், ஓடுவதற்கு மூச்சில்லை என்ற ஒரே காரணத்தால் நன்றி சொன்னேன்.

தரைக்கு மேலே ஏசுநாதரை நம்பும் அத்தொழிலாளிகள், சுரங்கத்துக்குள்ளே 'எல் தீயோ' என்னும் கொம்பு முளைத்த பாதாளத் தெய்வத்தின் அதிகார எல்லை தொடங்குவதாகக் கருதி, அதற்குரிய காணிக்கைகளைக் குறைவின்றிச் செலுத்துகிறார்கள். எங்கள் வழிகாட்டி எல் தீயோ சிலையின் வாயில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகினார்; எல்லோரும் இரைத்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில் சிரமமின்றிப் புகைத்தவர் அந்தத் தெய்வம் ஒருவரே.

ஊருக்குள் திரும்பினால், 1773-இல் கட்டி முடித்த பிரமாண்டமான நாணயசாலை. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் செக்கைச் சுற்ற, மேல்தளத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த மர உருளைகள் வெள்ளியைத் தகடாக்கின. முற்றத்து வளைவின்மேல் திராட்சைக் குலை சூடிய ஒரு முகம் வாய்விட்டுச் சிரிக்கிறது. அது யாருடைய முகம் என்பதில் அபிப்பிராயங்கள் பல. எனினும் அதை அங்கே வைத்தது 1856-இல், அதாவது நல்ல வெள்ளியெல்லாம் கப்பலேறிய பிற்பாடு என்பதால், சிரிப்புக்குக் காரணம் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. ஒரு காலத்தில் உலகத்துக்கே காசு அடித்துக் கொடுத்த அந்த நாணயசாலை இப்போது அருங்காட்சியகம். பொலிவியா தன் சில்லறையை அயல்நாடுகளில் அடித்துத் தருவித்துக்கொள்கிறது.